எண்ணப்படுவோரும் எண்ணுவோரும்

‘எண்ணுதல்’ என்னும் தமிழ் வினைக்குப் பொருள் இரண்டு. ஒன்று, பொருள்களை ஒன்று இரண்டு எனக் கணக்கிடுதல். மற்றொன்று, மனத்தால் ஆராய்தல். மக்களாட்சி என்னும் முறை இவ்விரண்டையும் ஒருங்கே வேண்டி நிற்பது. வாக்காளன் முதலில் எண்ண வேண்டும். பின்னர் அவன் வாக்கு எண்ணப்பட வேண்டும். ஆனால் இக்காலத் தேர்தல் கணிப்பாளர்கள் இவ்வரிசையைத் தலைகீழாக்கிவிட்டனர். வாக்காளன் எண்ணத் தொடங்குமுன்பே அவனை எண்ணி முடித்துவிடுகின்றனர். இன்ன நிறத்தார் இத்தனை பேர், இன்ன சமயத்தார் இத்தனை பேர், பட்டம் பெற்ற மகளிர் இத்தனை பேர், பெறாத ஆடவர் இத்தனை பேர் எனக் கூட்டிக் கழித்து, வெற்றி யாருக்கு என்று முன்கூட்டியே உரைக்கின்றனர். இக்கணக்கு மிக விரிவாகவும் மிக வெளிப்படையாகவும் நடைபெறும் நாடு அமெரிக்கா.

இக்கணக்கைக் கேட்கும்போது நம் மனத்தில் இரண்டு வினாக்கள் எழுகின்றன. இக்கணக்கு மெய்யா என்பது ஒன்று. மெய்யாயின், வாக்குரிமைக்கு என்ன பொருள் என்பது மற்றொன்று. பிறந்த குலத்தையும் வாழும் ஊரையும் கொண்டே ஒருவனின் வாக்கைச் சொல்லிவிட முடியுமானால், அவ்வாக்கு அவனுடையதா, அவன் பிறப்பினுடையதா? முன்னது செய்தி பற்றிய வினா. பின்னது அறம் பற்றிய வினா. செய்தியை ஆராயாமல் அறம் பேசுதல் அடித்தளமின்றிச் சுவர் எழுப்புவது போன்றது. ஆதலின் முன்னதை முதலிற் காண்போம்.

அமெரிக்க அரசியலமைப்பு பிறந்தபோதே தலையெண்ணும் சிக்கலும் உடன் பிறந்தது. 1787-இல் பிலடெல்பியாவில் கூடிய தலைவர்கள், ஒவ்வொரு மாநிலத்திற்கும் மக்களவையில் எத்தனை இடங்கள் என்பதை மக்கள்தொகையைக் கொண்டு முடிவு செய்ய வேண்டும் என்றனர். அடிமைகளை மக்கள்தொகையிற் சேர்ப்பதா இல்லையா என்ற வாதம் எழுந்தது. இறுதியில் ஐந்து அடிமைகளை மூன்று பேராகக் கணக்கிடுவது என உடன்பாடு கண்டனர். அதிபரைத் தேர்ந்தெடுக்கும் தேர்வாளர் வாக்குகளும் அக்கணக்கின்படியே பங்கிடப்பட்டன. இதன் விளைவு யாது? தென் மாநிலத்து அடிமை தன் தலையால் தன் எசமானனின் அரசியல் வலிமையைப் பெருக்கினான். அவனுக்கோ ஒரு வாக்கும் இல்லை. அவன் எண்ணப்பட்டான், எண்ணுவதற்கு அவனுக்கு இடமளிக்கப்படவில்லை. நம் கட்டுரையின் வினா இங்கேயே தொடங்கிவிடுகிறது.

உள்நாட்டுப் போருக்குப் பின் 1865-இல் அடிமைமுறை ஒழிந்தது. 1868-இல் அந்த ஐந்துக்கு மூன்று என்னும் கணக்கு மறைந்தது. 1870-இல் நிறங் காரணமாக வாக்குரிமை மறுக்கப்படலாகாது என்னும் திருத்தம் வந்தது. ஏட்டில் வந்த உரிமை வீட்டிற்கு வந்து சேர ஏறத்தாழ நூறாண்டுகள் ஆயின. எழுத்தறிவுத் தேர்வு, வாக்கு வரி, அச்சுறுத்தல் எனப் பல தடைகள் தென் மாநிலங்களில் நின்றன. மிசிசிப்பி மாநிலத்தில் 1965-ஆம் ஆண்டின் வாக்குரிமைச் சட்டத்திற்கு முன் தகுதியுள்ள கறுப்பினத்தவருள் நூற்றுக்கு ஏழு பேரே வாக்காளராகப் பதிவு பெற்றிருந்தனர். சட்டம் வந்து இரண்டே ஆண்டுகளில் அத்தொகை அறுபதை எட்டியது. மக்கள் மாறவில்லை, கதவு திறந்தது.

வாக்காளர் தொகுதி மாறுவதற்கு மற்றொரு காரணம் இடப்பெயர்ச்சி. பத்தாண்டுக்கு ஒருமுறை குடிக்கணக்கு எடுக்கப்பட்டு, மக்களவையின் 435 இடங்கள் மாநிலங்களுக்கிடையே மீண்டும் பங்கிடப்படுகின்றன. அவற்றோடு செனட் அவையின் 100 இடங்களும் தலைநகர் வாஷிங்டனுக்குரிய மூன்றும் சேர, மொத்தத் தேர்வாளர் வாக்குகள் 538; வெற்றிக்கு வேண்டுவன 270. 1960-இல் நியூயார்க் மாநிலத்திற்கு 45 தேர்வாளர் வாக்குகள் இருந்தன, 2024-இல் 28. பென்சில்வேனியா 32-இலிருந்து 19-க்கு இறங்கியது. அதே காலத்தில் டெக்சஸ் 24-இலிருந்து 40-க்கும், புளோரிடா 10-இலிருந்து 30-க்கும் உயர்ந்தன. தொழிற்சாலைகள் மூடப்பட்டதும், முதியோர் வெயிலை நாடிச் சென்றதும், குளிர்சாதனப் பொறி வெப்ப மாநிலங்களை வாழத்தக்கனவாக்கியதும் காரணங்களுட் சில. குளிர்சாதனப் பொறியைக் கண்டுபிடித்தவர்கள் அதிபர் தேர்தலை மாற்றப் போகிறோம் என்று நினைத்திருக்க மாட்டார்கள்!

இவற்றைவிட ஆழமான மாற்றத்தை விளைவித்தது குடிநுழைவுச் சட்டம். 1924-ஆம் ஆண்டுச் சட்டம் வட மேற்கு ஐரோப்பியருக்குப் பெரும் பங்கு ஒதுக்கி, ஆசியருக்குக் கதவை அடைத்தது. 1965 அக்டோபர் 3-ஆம் நாள் விடுதலைச் சிலையின் அடியில் அமர்ந்து அதிபர் லிண்டன் ஜான்சன் கையெழுத்திட்ட புதிய சட்டம், பிறந்த நாட்டை வைத்துப் பங்கிடும் அம்முறையை நீக்கியது. இது புரட்சி செய்யும் சட்டமன்று என்றே ஜான்சன் அன்று கூறினார். காலமோ வேறு தீர்ப்புக் கூறியது. ஹிஸ்பானியர் எனப்படும் ஸ்பானிய மொழி வழியினர் 2020-ஆம் ஆண்டுக் குடிக்கணக்கில் 6 கோடியே 20 இலட்சம் பேர். நாட்டு மக்களுள் ஏறத்தாழ 19 விழுக்காட்டினர். ஹிஸ்பானியர் அல்லாத வெள்ளையர் 58 விழுக்காட்டளவிற்குக் குறைந்தனர்.

இம்மாற்றம் தேர்தல் முடிவை எவ்வாறு அசைக்கிறது என்பதை ஓர் எளிய கணக்கால் விளக்கலாம். 1980-இல் ரானல்ட் ரேகன் அதிபராகத் தேர்ந்தெடுக்கப்பட்டபோது, வாக்களித்த நூறு பேருள் ஏறத்தாழ 88 பேர் வெள்ளையர். வாக்குச் சாவடியை விட்டு வெளிவந்தோரிடம் எடுத்த ஆய்வின்படி அவ்வெள்ளையருள் 56 விழுக்காட்டினர் ரேகனை ஆதரித்தனர். அவர் 44 மாநிலங்களை வென்று 489 தேர்வாளர் வாக்குகளைப் பெற்றார். 2012-இல் அதே குடியரசுக் கட்சியின் வேட்பாளர் மிட் ரோம்னிக்கு வெள்ளையருள் 59 விழுக்காட்டினர் வாக்களித்தனர். ரேகனுக்குக் கிடைத்ததைவிட மூன்று விழுக்காடு மிகுதி. ஆயினும் ரோம்னி 206 தேர்வாளர் வாக்குகளுடன் பராக் ஒபாமாவிடம் தோற்றார். காரணம், வாக்களித்த நூறு பேருள் வெள்ளையர் 72 ஆகியிருந்தனர். 88-இல் 56 விழுக்காடு 49-க்குச் சற்று மேல்; 72-இல் 59 விழுக்காடு 42½-ஐ எட்டவில்லை. பங்கு கூடியும் பயன் குறைந்தது.

இக்கணக்கைக் கண்டவர்கள் மயங்கியதில் வியப்பில்லை. மக்கள்தொகையே தலைவிதி என்னும் கொள்கை அமெரிக்க அரசியலில் வேரூன்றியது. உண்மையில் அதற்கு முன்னரே அக்கொள்கை இருமுறை நூல் வடிவம் பெற்றிருந்தது. 1969-இல் கெவின் பிலிப்ஸ், தென் மாநில வெள்ளையரும் புறநகர் மக்களும் சேர்ந்து குடியரசுக் கட்சிக்கு நிலையான பெரும்பான்மை தருவர் என எழுதினார். 2002-இல் ஜான் ஜூடிஸ், ரூய் டெக்சேரா ஆகிய இருவரும், சிறுபான்மையினரும் மகளிரும் படித்த தொழில்வல்லுநரும் சேர்ந்து ஜனநாயகக் கட்சிக்குப் பெரும்பான்மை தருவர் என எழுதினர். முதல் நூல் தன் காலத்திற்கு ஓரளவு பொருந்தியது. இரண்டாம் நூல் 2008-இல் மெய்யானது போல் தோன்றியது. தோல்வியால் கலங்கிய குடியரசுக் கட்சி 2013-இல் வெளியிட்ட தன்னாய்வு அறிக்கையில், ஹிஸ்பானியரின் நம்பிக்கையைப் பெறக் குடிநுழைவுச் சீர்திருத்தத்தை ஏற்றாக வேண்டும் எனப் பரிந்துரைத்தது.

பிறகு நடந்தது யாவரும் அறிந்ததே. அப்பரிந்துரைக்கு நேர் எதிரான வழியிற் சென்ற டோனல்ட் டிரம்ப் 2016-இல் வென்றார். நாடு முழுமையும் எண்ணிய வாக்குகளில் ஹிலாரி கிளிண்டன் 28 இலட்சத்திற்கும் மேல் முன்னணியில் நின்றார். ஆனால் மிச்சிகன், விஸ்கான்சின், பென்சில்வேனியா ஆகிய மூன்று மாநிலங்களில் மொத்தமாக 78,000 வாக்குகளுக்கும் குறைவான வேறுபாடு முடிவைத் தீர்த்தது. பட்டம் பெறாத வெள்ளையர் பெருந்திரளாக ஒரு பக்கம் சாய்ந்திருந்தனர். குறைந்து வரும் கூட்டம் எனக் கணிப்பாளர்களால் ஒதுக்கப்பட்டவர்கள் அவர்கள். குறைந்து வருவோர் என்றால் இல்லாதோர் என்று பொருளில்லை அன்றோ!

2024-இல் கணக்கு மற்றொரு பக்கமும் உடைந்தது. டெக்சசின் தென்கோடியில், மெக்சிக்கோ எல்லையில், ஸ்டார் என்றொரு மாவட்டம். அங்கு வாழ்வோருள் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கும் மேற்பட்டோர் ஹிஸ்பானியர். 1892-க்குப் பின் அம்மாவட்டம் குடியரசுக் கட்சி வேட்பாளர் எவரையும் ஆதரித்ததில்லை. 2016-இல் கிளிண்டனுக்கு அங்கு 79 விழுக்காடு. 2020-இல் ஜோ பைடனுக்கு 52. 2024-இல் டிரம்ப் 57 விழுக்காட்டிற்கு மேல் பெற்று வென்றார். எட்டாண்டுகளில் அவ்வூரில் பிறப்பும் இறப்பும் நிகழ்ந்திருக்கும். ஆனால் அவை இத்துணைப் பெரிய மாற்றத்தை விளைவித்திரா. அதே மக்கள், அதே தெருக்கள், அதே மொழி. மாறியது விலைவாசியைப் பற்றியும் எல்லையைப் பற்றியும் வேலையைப் பற்றியும் அவர்கள் கொண்ட எண்ணம்.

ஆசிரியர்களாகிய நமக்கு இதில் வியப்பொன்றும் இருக்க வேண்டுவதில்லை. ஒரு வகுப்பின் சராசரி மதிப்பெண் ஓராண்டில் மாறினால், பழைய மாணவர் போய்ப் புதிய மாணவர் வந்திருக்கலாம். தேர்வன்று சிலர் வராதிருந்திருக்கலாம். அல்லது அதே மாணவர் முன்னினும் நன்றாகவோ மோசமாகவோ படித்திருக்கலாம். சராசரியை மட்டும் கண்டு காரணம் உரைப்பவன் ஆசிரியன் அல்லன், கணக்கன். மக்கள்தொகையே தலைவிதி என்றோர் முதற் காரணத்தை மட்டும் கண்டனர். வராதிருத்தலின் ஆற்றலுக்கு 1972-ஆம் ஆண்டு சான்று. அதற்கு முந்திய ஆண்டுதான் வாக்களிக்கும் வயது 18-ஆகக் குறைக்கப்பட்டிருந்தது. வியட்நாம் போரை எதிர்த்த இளையோர் திரண்டு வந்து ஜார்ஜ் மக்கவர்னை வெற்றி பெறச் செய்வர் எனப் பலர் எதிர்பார்த்தனர். புதிதாக உரிமை பெற்ற இளையோருள் பாதியளவினரே வந்தனர். வந்தோரும் ஒருமித்து வாக்களிக்கவில்லை. ரிச்சர்ட் நிக்சன் 49 மாநிலங்களை வென்றார். 1920-இல் மகளிர் வாக்குரிமை பெற்றபோதும் மகளிர் அணி ஒன்று உருவாகி அரசியலைப் புரட்டும் என அஞ்சியவரும் உண்டு, மகிழ்ந்தவரும் உண்டு. அவ்வாறு ஓர் அணி அன்று உருவாகவில்லை.

மூன்றாம் காரணமாகிய மனமாற்றத்திற்குக் கத்தோலிக்கரின் வரலாற்றைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை. 1928-இல் ஆல் ஸ்மித் என்னும் கத்தோலிக்கர் அதிபர் தேர்தலில் நின்றபோது, அவர் வென்றால் ரோமாபுரியின் ஆணை வாஷிங்டனில் செல்லும் என்ற அச்சம் பரப்பப்பட்டது. அவர் பெருந்தோல்வி கண்டார். 1960-இல் ஜான் கென்னடி நின்றபோது கத்தோலிக்கருள் நான்கில் மூன்று பங்கிற்கும் மேற்பட்டோர் அவரை ஆதரித்தனர். அவர் வென்ற வேறுபாடு நாடு முழுமைக்கும் ஏறத்தாழ 1 இலட்சத்து 12 ஆயிரம் வாக்குகளே. தம்மை ஒதுக்கிய நாட்டில் தம்முள் ஒருவர் தலைவராவதை அவர்கள் விரும்பினர். 2004-இல் ஜான் கெர்ரி என்னும் கத்தோலிக்கர் நின்றார். கத்தோலிக்கருள் மிகுதியானோர் அவருக்கு வாக்களிக்காமல், புராட்டஸ்டண்டு சமயத்தவராகிய ஜார்ஜ் புஷ்ஷுக்கு வாக்களித்தனர். கென்னடிக்கும் கெர்ரிக்கும் இடைப்பட்ட நாற்பத்து நான்கு ஆண்டுகளில் சமயம் மாறவில்லை. ஒதுக்கப்பட்ட உணர்வு மறைந்தது. அவ்வுணர்வு மறைந்ததும் அணியும் கலைந்தது.

இனி அற வினாவுக்கு வருவோம். ஓர் இனத்தார் ஒருமித்து ஒரு கட்சிக்கு வாக்களிப்பது பிழையா?

பிழையே என்பார் வாதம் வலிமையற்றதன்று. ஆங்கில அறிஞர் ஜான் ஸ்டுவர்ட் மில் 1861-இல் வெளியிட்ட பிரதிநிதி ஆட்சி பற்றிய நூலில், வாக்கு என்பது ஒருவனின் சொத்தன்று, பொது நன்மைக்காக அவனிடம் ஒப்படைக்கப்பட்ட பொறுப்பு என வாதிட்டார். நீதிமன்றத்தில் நடுவர் குழுவில் அமர்பவன் தன் விருப்பு வெறுப்பை வெளியே விட்டுவிட்டு உள்ளே வருவது போல, வாக்காளனும் வர வேண்டும் என்பது அவர் கருத்து. இதனை ஏற்றால், என் இனத்திற்கு என் வாக்கு என்பவன் ஒப்படைத்த பொருளைத் தன் உறவினருக்குப் பங்கிட்டவன் ஆகிறான்.

மில்லின் அடிப்படைக் கருத்தை நான் ஏற்கிறேன். ஆயினும் அதே நூலில் அவர் படித்தவர்க்குக் கூடுதல் வாக்குகள் வழங்கலாம் என்றும் எழுதினார். அதனை ஏற்க என் மனம் இடந்தரவில்லை. கல்வியைத் தொழிலாகக் கொண்டவன் இவ்வாறு கூறுவது சிலர்க்கு விந்தையாகத் தோன்றலாம். இன்று அமெரிக்காவில் பட்டம் பெற்றோருக்கும் பெறாதோருக்கும் இடையே உள்ள பிளவு, பல தேர்தல்களில் செல்வருக்கும் ஏழைக்கும் இடையே உள்ள பிளவினும் ஆழமாகிவிட்டது. பட்டம் பெறாதவனின் வாக்கை அறியாமையின் விளைவு எனப் பட்டதாரிகள் சிலர் எள்ளி நகையாடுகின்றனர். ஆலை மூடப்பட்டதால் தன் ஊர் பாழாவதைக் கண்ணாற் கண்டவன், அதனை நூலில் மட்டும் படித்தவனிலும் ஒன்றை அறிந்தவன் அல்லனோ? கல்வி எண்ணக் கற்பிக்கிறது. ஆனால் எண்ணுவதற்கான பொருளை வாழ்க்கைதான் தருகிறது.

மில்லின் வாதத்தைக் கறுப்பினத்தவரின் வாக்கிற்குப் பொருத்திப் பார்த்தால் அதன் குறை வெளிப்படுகிறது. அடிமைத்தளையை அறுத்த ஆபிரகாம் லிங்கனின் கட்சியாகிய குடியரசுக் கட்சியையே அவர்கள் பல்லாண்டுக் காலம் ஆதரித்தனர். 1936-இல் பெருவாரியாக பிராங்க்ளின் ரூஸ்வெல்ட் பக்கம் திரும்பினர். வேலையும் உணவும் கிடைத்தமை காரணம். 1960 அக்டோபரில் மார்ட்டின் லூதர் கிங் ஜார்ஜியாவில் சிறையிலிருந்தபோது, கென்னடி தொலைபேசியில் கிங்கின் மனைவியோடு பேசி ஆறுதல் கூறினார்; கென்னடியின் தம்பி நீதிபதியோடு பேசினார்; கிங் விடுதலையானார். அதுவரை நிக்சனை ஆதரித்து வந்த கிங்கின் தந்தையார் தம் ஆதரவைக் கென்னடிக்கு மாற்றிக்கொண்டதாக வெளிப்படையாக அறிவித்தார். 1964-இல் குடியரசுக் கட்சி வேட்பாளர் பாரி கோல்ட்வாட்டர், அவ்வாண்டின் சமூக உரிமைச் சட்டத்திற்கு எதிராகச் செனட் அவையில் வாக்களித்தவர். அதன் பின்னரே கறுப்பினத்தவரின் வாக்கு ஏறத்தாழ முழுமையாக ஜனநாயகக் கட்சிக்குச் சென்றது. அதே தேர்தலில் கறுப்பினத்தவர் வாக்களிக்க இயலாதிருந்த மிசிசிப்பியில் கோல்ட்வாட்டருக்கு 87 விழுக்காடு கிடைத்தது.

இவற்றுள் எதனை நிறத்தின் வாக்கு என்போம்? இருவகை வாக்குகளும் இனத்தைச் சுற்றியே திரண்டன; ஆனால் இரண்டும் ஒன்றல்ல. ஒருவனைச் சட்டம் தனியனாகப் பாராமல் இனத்தவனாகப் பார்த்து அடிக்கும்போது, அவன் இனத்தவனாக எழுந்து மறுமொழி கூறுவது பகுத்தறிவின் தோல்வியன்று. அவன் கேட்டது தன் இனத்திற்கு ஒரு மேலுரிமையன்று. எல்லார்க்கும் உள்ளது தனக்கும் வேண்டும் என்பதே. அது பொது நன்மையே. மேலும் அவர்கள் வேட்பாளரின் நிறத்தைப் பார்க்கவில்லை. கென்னடியும் வெள்ளையர், நிக்சனும் வெள்ளையர். அவர்கள் பார்த்தது செயலை. ஒருவரின் பெருமை சிறுமைகளை உரைத்துப் பார்க்கச் செயலையே கல்லாகக் கொள்ளச் சொன்ன வள்ளுவர் இதனை மறுத்திருக்க மாட்டார். மற்றொரு புறம், தான் ஏறி நிற்கும் படியில் பிறர் ஏறலாகாது என்பதற்காகத் திரளும் வாக்கு, எத்துணைக் கட்டுக்கோப்பாக இருப்பினும் ஒப்படைத்த பொறுப்பைக் கைவிட்ட வாக்கே.

ஆதலின் ஒருமித்து வாக்களிப்பது குற்றமா என்ற வினாவைவிட, எதன் பொருட்டு ஒருமிக்கின்றனர் என்னும் வினாவே முதன்மையானது.

எண்ணுவோனின் பக்கமும் ஒரு குற்றம் உண்டு. அது இதனினும் பெரிது என்பது என் கருத்து. மக்களை விழுக்காடாக மட்டும் காணும் கட்சி, அவர்களை வென்றெடுக்க உழைப்பதை நிறுத்திவிடுகிறது. தம்மிடம் உள்ளவர் எங்கே போவர் என்ற மெத்தனமும், எதிரிலுள்ளவர் எப்படியும் வாரார் என்ற புறக்கணிப்பும் பிறக்கின்றன. கலிபோர்னியா 1952 முதல் 1988 வரை நடந்த பத்து அதிபர் தேர்தல்களுள், 1964 நீங்கலாக, ஒன்பதில் குடியரசுக் கட்சியையே ஆதரித்தது. 1994-இல் அம்மாநிலக் குடியரசுக் கட்சித் தலைமை, உரிய ஆவணமின்றிக் குடியேறியோரின் பிள்ளைகளுக்கு அரசுப் பள்ளியையும் மறுக்கும் 187-ஆம் முன்மொழிவை ஆதரித்து வென்றது. பின்னர் நீதிமன்றம் அதனைத் தடுத்தது. ஆனால் பள்ளிக் கதவைத் தம் பிள்ளைகள் முகத்தில் அடைக்க முயன்றவர்களை ஹிஸ்பானிய வாக்காளர் எளிதில் மறக்கவில்லை. அதே இனத்தவர் மிகுதியாக வாழும் டெக்சசும் புளோரிடாவும் வேறு வழியிற் சென்றன. 2000-இல் 537 வாக்குகளால் தீர்ந்த புளோரிடா, 2024-இல் 13 விழுக்காட்டு வேறுபாட்டில் குடியரசுக் கட்சிக்குச் சென்றது. கியூபாவிலிருந்து காஸ்ட்ரோவின் ஆட்சிக்கு அஞ்சி ஓடி வந்தவனும், மெக்சிக்கோவிலிருந்து தோட்ட வேலைக்கு வந்தவனும், பிறப்பாலேயே அமெரிக்கக் குடியுரிமை பெற்ற போர்ட்டோ ரிக்கோக்காரனும் ஒரே கட்டத்துள் அடைபடுகின்றனர். அக்கட்டம் குடிக்கணக்கு அலுவலகத்தின் வசதிக்காக வரையப்பட்டது. அதனை மனித இயல்பு எனக் கொண்டவர்கள் ஏமாந்தனர்.

கட்டத்தை இயல்பு எனக் கொள்வதன் கொடிய விளைவு வேறொன்று. உன் இனம் சிறுபான்மையாகிறது, பிறர் உன் இடத்தைப் பிடிக்கத் திட்டமிட்டே கொண்டு வரப்படுகின்றனர் என்னும் அச்சத்தை விதைப்போர் அங்குத் தோன்றினர். 2019-இல் டெக்சசின் எல் பாசோ நகரக் கடையொன்றில் 23 பேரும், 2022-இல் நியூயார்க் மாநிலத்து பஃபலோ நகரக் கடையொன்றில் கறுப்பினத்தவர் பத்துப் பேரும் இந்த அச்சத்தை நெஞ்சிற் சுமந்தவர்களால் சுட்டுக் கொல்லப்பட்டனர். விழுக்காட்டைப் பற்றி எழுதும் அறிஞர் எவரும் துப்பாக்கியை நீட்டவில்லை என்பது உண்மை. ஆயினும் மனிதரை வருங்கால வாக்குகளாக மட்டும் பேசிப் பழகிய நாட்டில், கடைக்குப் பால் வாங்க வந்தவரை எதிரணி வாக்காகக் காணும் கண் உருவாவது அத்துணைத் தொலைவில் இல்லை. மனிதனை வெறுங் கருவியாக மட்டும் நடத்தலாகாது என்ற ஜெர்மானிய அறிஞர் கான்ட்டின் கட்டளையை இவ்விடத்தில் நினைக்காமல் இருக்க முடியவில்லை.

தமிழராகிய நம்மையும் இத்தேர்தல் ஒருமுறை தொட்டுச் சென்றது. கமலா ஹாரிசின் தாயார் சியாமளா கோபாலன் தமிழகத்து வழியினர். 2024-இல் ஹாரிஸ் போட்டியிட்டபோது, அவருடைய பாட்டனாரின் ஊராகிய துளசேந்திரபுரத்துக் கோயிலில் வழிபாடு நடந்தது. அதே தேர்தலில் துணை அதிபர் வேட்பாளராக நின்ற ஜே.டி. வான்சின் மனைவி உஷாவின் மூதாதையர் ஆந்திர நாட்டவர் என்பதால், அங்கொரு சிற்றூர் எதிரணிக்காக வேண்டிக் கொண்டதாம்! இரண்டு ஊர்களின் மகிழ்ச்சியையும் நான் குறை கூற மாட்டேன். உறவு கொண்டாடுவது மனித இயல்பு. ஆனால் நம் மாணவன் ஒருவன், நம் இரத்தம் ஓடும் ஒருவரை அமெரிக்கர் தோற்கடித்து விட்டனரே என வருந்தினால், அவனிடம் நாம் கேட்க வேண்டுவன உண்டு. ஹாரிஸ் குடிநுழைவு பற்றியும் வரி பற்றியும் போர் பற்றியும் என்ன கூறினார் என்பதை நீ அறிவாயா? அறியாமலே வாக்களித்திருப்பாயா? அவருடைய தந்தையார் ஜமைக்காவிலிருந்து வந்தவர். அவ்வூரார்க்கும் அதே உரிமை உண்டன்றோ? இவ்வினாக்களை எழுப்புவது தமிழ்ப் பற்றுக்கு எதிரானதென்று நான் கருதவில்லை.

இறுதியாக ஓர் ஊரைக் குறிப்பிட வேண்டும். மிச்சிகன் மாநிலத்து டியர்பார்ன் நகரம் போர்டு கார் தொழிற்சாலையால் வளர்ந்தது. லெபனான், ஏமன், ஈராக் முதலிய நாடுகளிலிருந்து வந்த அரபு வழியினர் இன்று அங்குப் பெரும்பான்மையினர். குடிக்கணக்குப் படிவத்தில் அவர்களுக்கெனத் தனிக் கட்டம் இருந்ததில்லை. அரசின் விதிப்படி அவர்கள் வெள்ளையர் என்றே எண்ணப்பட்டு வந்தனர். மத்திய கிழக்கு, வட ஆப்பிரிக்க வழியினர்க்குத் தனிக் கட்டம் அமைக்கும் விதி 2024 மார்ச்சில்தான் வெளியிடப்பட்டது. அரசியல் கட்சிகளின் பட்டியலிலோ அவர்கள் நெடுங்காலமாகவே அரபியர், முஸ்லிம்கள், ஆகவே ஜனநாயகக் கட்சியினர். 2020-இல் அந்நகரத்தார் பத்தில் ஏறத்தாழ ஏழு பேர் பைடனுக்கு வாக்களித்தனர். காசாவில் போர் மூண்டது. 2024-இல் டிரம்புக்கு ஏறத்தாழ 42 விழுக்காடு, ஹாரிசுக்கு 36, பசுமைக் கட்சியின் ஜில் ஸ்டைனுக்கு 18 என வாக்குகள் மூன்றாகப் பிரிந்தன. ஒரே தொழுகையிடத்தில் தோளோடு தோள் நின்றவர்கள், ஒரே துயரத்தைத் தாங்கியவர்கள், அத்துயரத்திற்கு எது மருந்து என்பதில் மூன்று வேறு முடிவுகளுக்கு வந்திருந்தனர். தண்டிக்க வேண்டும் என்று எண்ணினார் ஒருவர். இருப்பதையாவது காக்க வேண்டும் என்று எண்ணினார் மற்றொருவர். இருவரும் வேண்டா என்றார் மூன்றாமவர். யார் எண்ணியது சரி என்று அவ்வூர் வீடுகளில் தந்தையும் மகளும் வாதிட்டிருப்பார்கள்.